எத்தனை கோர் போதும்?

1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11இன் ‘ஈகிள்’ கலம் நிலாவில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தொட ஏறக்குறைய ஏழு நிமிடம் இருக்கும்போது அதன் கணினி 1202 என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. அது எதைக் குறிக்கிறது என்று நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கும் தெரியவில்லை, பஸ் ஆல்ட்ரினுக்கும் தெரியவில்லை. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தின் பின்னணிக் குழுவில் இருந்த ஜாக் கார்மனுக்கு அப்போது வயது 24. கணினி காட்டக்கூடிய எச்சரிக்கை எண்களையெல்லாம் கையால் எழுதிப் பட்டியலாக வைத்திருந்தவர் அவர். எச்சரிக்கை ஓயாமல் வந்துகொண்டே இராதவரை இறங்கலாம் என்று அவர் சொல்ல, வழிகாட்டுதல் அதிகாரி ஸ்டீவ் பேல்ஸ் அனுமதி கொடுத்தார். அடுத்த சில நிமிடங்களில் 1202 மீண்டும் வந்தது. நடுவே 1201 என்ற இன்னோர் எண்ணும் வந்தது. கலம் பத்திரமாக இறங்கியது.

அந்தக் கணினிக்கு இருந்தது ஒரே ஒரு பிராசஸர். எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே, அதாவது இன்றைய கணக்கில் சுமார் 4 கிலோபைட். அதை வைத்துக்கொண்டு இன்ஜினின் உந்துவிசையைக் கணக்கிட வேண்டும், தரையிறங்கும் ராடாரைப் படிக்க வேண்டும், கலத்தின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும், திரையில் எண்களைக் காட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவில், இறங்கும்போது தேவையே இல்லாத சந்திப்பு ராடார், மின்சப்ளையில் இருந்த ஒரு பொருத்தமின்மையால், வீண் சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. பிராசஸரின் நேரத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அது தின்றுவிட்டது. வேலைகள் குறித்த நேரத்துக்குள் முடியவில்லை. முடியாத ஒவ்வொரு வேலையும் நினைவகத்தில் தனக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புதிய வேலை வந்தபோது அதற்கு இடமில்லை. 1202 சொன்னது இதைத்தான்.

எம்ஐடியின் ஹால் லேனிங் வடிவமைத்த மேலாண்மை நிரல் இல்லையென்றால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் இருந்தது. இடம் தீர்ந்ததும் கணினி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்தது. முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு, இன்ஜினையும் வழிகாட்டுதலையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் எந்தக் கணினிக்கும் அன்று இருந்த மூன்று நெருக்கடிகளே இன்றும் இருக்கின்றன. பிராசஸரின் நேரம், நினைவகத்தில் இடம், யாருக்கு முதலில் என்ற முடிவு. கடையில் கணினி வாங்கப் போகிறவர் கேட்பது பெரும்பாலும் முதலாவதைப் பற்றி மட்டும்தான். ‘எத்தனை கோர்?’ என்பார், அதாவது பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள் எத்தனை என்று. விளம்பரத் தாளிலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். மற்ற இரண்டும் பில் போட்டு வீட்டுக்கு வந்த பிறகே தெரியவரும்.

ஒரு பிராசஸரைப் பலரிடையே பங்கு போடலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் எம்ஐடியின் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. 1961 நவம்பரில் அவரது குழு ஐபிஎம் 709 கணினியில் நேரப் பகிர்வு முறையைச் செய்து காட்டியது. அதுவரை ஒருவரின் வேலை முழுதாக முடிந்த பிறகே அடுத்தவரின் துளையட்டைக் கட்டை இயந்திரம் தொடும். தவறாக ஒரு புள்ளி விழுந்திருந்தால் அதைத் தெரிந்துகொள்ளவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோர்பட்டோவின் முறையில் பிராசஸர் ஒவ்வொருவருக்கும் மிகச் சிறிய நேரத்துண்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் தாவியது. தாவல் வேகமாக இருந்ததால், கணினி தனக்கு மட்டுமே வேலை செய்கிறது என்று ஒவ்வொருவரும் உணர்ந்தார்கள். 1990இல் அவருக்குக் கிடைத்த டூரிங் விருதுக்கு இந்தப் பணியே அடிப்படை.

வீட்டுக் கணினிக்கு இந்த ஒழுங்கு வந்துசேர நெடுங்காலம் ஆனது. விண்டோஸ் 3.1இலும் பழைய மேகின்டாஷ்களிலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த நிரலுக்கு வாய்ப்பு. ஒரு நிரல் சிக்கிக்கொண்டால் கணினியே உறைந்துவிடும். நேரம் முடிந்ததும் நிரலிடமிருந்து பிராசஸரைப் பிடுங்கிக்கொள்ளும் முறையை 1985இலேயே அமிகா கணினி கொண்டிருந்தது. விண்டோஸ் 95உம் 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸும் அதைப் பரவலாக்கின. இவை எல்லாமே ஒற்றைக் கோர் காலத்தவை. பாட்டு கேட்டுக்கொண்டே கடிதம் தட்டச்சு செய்ய இரண்டாவது கோர் வேண்டியிருக்கவில்லை.

இன்றைய விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நூற்றுக்கும் மேற்பட்ட நிரல்கள், அவற்றுக்குள் த்ரெட் எனப்படும் ஆயிரக்கணக்கான வேலைச் சரங்கள் ஓடுவதாகப் பட்டியல் சொல்லும். அதே பக்கத்தில் பிராசஸரின் பயன்பாடு ஐந்து, ஆறு சதவீதத்தில் நிற்கும். காரணம் எளிது. அந்த நிரல்களில் மிகப் பெரும்பாலானவை தூங்குகின்றன. சாவி அழுத்தப்படுவதற்காக, இணையத்திலிருந்து தரவு வருவதற்காக, கடிகாரம் ஒரு நேரத்தைத் தொடுவதற்காகக் காத்திருக்கின்றன. விநாடிக்குப் பத்து எழுத்து தட்டுகிற அசுர வேகக்காரர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே 3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்று 30 கோடி முறை துடித்துவிடும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற அதற்குச் சில மைக்ரோ விநாடிகள் போதும்.

ஆகவே பத்து ஜன்னல் திறந்திருப்பதாலேயே பத்து கோர் தேவைப்படாது. திறந்திருக்கும் வேலைகளில் எத்தனை ஒரே நொடியில் உண்மையாகவே கணக்குப் போடுகின்றன என்பதை வைத்துத்தான் கோர் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். பாட்டு கேட்பது பிராசஸருக்குத் தூசு. யூடியூப் காட்சியை விரிக்கும் வேலையைப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பகுதியில் இருக்கும் தனிச் சுற்றே பார்த்துக்கொள்கிறது. கோப்பு பதிவிறக்கம் நெட்வொர்க்கின் வேகத்துக்குக் காத்திருக்கிறது. இவற்றோடு ஒப்பிட்டால், வீடியோ எடிட்டிங்கில் இறுதிக் கோப்பை உருவாக்குவது, பெரிய நிரலைத் தொகுப்பது, ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டுவது, விளையாடிக்கொண்டே அதை மென்பொருள் வழியாகச் சுருக்கி நேரலையாக அனுப்புவது ஆகியவை கோர்களை முழுசாக விழுங்கக்கூடியவை. பின்னணியை மங்கலாக்கிய வீடியோ அழைப்பும் ஆன்டிவைரஸ் சோதனையும் இடைப்பட்டவை. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் தெரியாது, சேர்ந்து வந்தால் பழைய இரட்டைக் கோர் லேப்டாப்பைத் திணறடித்துவிடும்.

கோர்களைப் பெருக்கும் எண்ணம் பயனருக்குப் பல வேலை இருக்கிறதே என்ற அக்கறையில் மட்டும் பிறந்ததில்லை. பிராசஸர் செய்பவர்களுக்கு வேறு வழி அடைபட்டுப்போனது என்பதே பெரிய காரணம். இன்டெல் 2000 நவம்பரில் பென்டியம் 4ஐ 1.5 கிகாஹெர்ட்ஸில் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் அது 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்ற பேச்சு நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. அந்த நம்பிக்கைக்கு அடித்தளம், ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1974இல் சகாக்களோடு வகுத்த விதி. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறையும், எனவே அதே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்களை அதிக வேகத்தில் ஓட்டினாலும் சூடு ஏறாது என்பது அதன் சாரம். முப்பது ஆண்டு அந்த விதி கைகொடுத்தது. பிறகு டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சிறுத்ததால், அணைத்து வைத்திருக்கும்போதே மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க முடியவில்லை. 2004இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 சூட்டுக்காகவே பெயர் கெட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது.

ஒரு கோரை வேகமாக ஓட்ட முடியாவிட்டால் இரண்டாக வைத்துவிடலாம் என்று ஆனது. ஐபிஎம் 2001இலேயே பவர் 4 என்ற இரட்டைக் கோர் பிராசஸரைச் சர்வர்களுக்குச் செய்திருந்தது. 2005 மே மாதம் இன்டெல்லின் பென்டியம் டி, ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 என்ற இரண்டும் சில நாள் இடைவெளியில் வீட்டுக் கணினிச் சந்தைக்கு வந்தன. இரண்டிலும் கோர் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் பென்டியம் டியின் இரு கோர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சில்லுக்கு வெளியே உள்ள பாதைக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அத்லானில் அந்த இணைப்பு சில்லுக்குள்ளேயே இருந்தது. எண்ணிக்கை சமமாக இருந்தும் அன்று பெரும்பாலான சோதனைகளில் அத்லான் முந்தியது.

கோர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதன் ஆபத்துக்கு 2011 அக்டோபரில் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. எட்டுக் கோர் என்று அது விற்கப்பட்டது. அதன் உள்ளே இருந்தவை நான்கு தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு கோர்கள், கட்டளைகளைப் படித்துப் பிரிக்கும் பகுதியையும் தசம எண் கணக்குப் பகுதியையும் பங்கிட்டுக்கொண்டன. முழு எண் கணக்குகள் நிறைந்த சில வேலைகளில் அது நன்றாகவே ஓடியது. ஒற்றை த்ரெட்டின் வேகமோ பலவீனமாக இருந்தது. நான்கே கோர் கொண்ட இன்டெல் கோர் ஐ5-2500கே பல விளையாட்டுகளிலும் அன்றாட மென்பொருள்களிலும் அதை முந்தியது. எட்டுக் கோர் என்று சொன்னது சரியா என்ற வழக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. 2019இல் 1.21 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது.

அதே ஏஎம்டிதான் சந்தையை உலுக்கி எழுப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். 2007 தொடங்கிப் பத்து ஆண்டு, சாதாரண மேசைக் கணினிக்கான இன்டெல் வரிசை நான்கு கோரிலேயே நின்றிருந்தது. எட்டுக் கோர் வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து கோர் ஐ7-6900கே வாங்க வேண்டும். 2017 மார்ச்சில் ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலருக்கு எட்டுக் கோரைத் தந்தது. அதே ஆண்டு அக்டோபரிலேயே இன்டெல் ஆறு கோர் ஐ7-8700கேயைக் கொண்டுவந்துவிட்டது. 2019 நவம்பரில் 16 கோர் ரைசன் 9 3950எக்ஸ் சாதாரண மதர்போர்டில் பொருந்தும்படி வந்தது. இன்று பல்பணிக்குக் கணினி வாங்குகிறவர் அனுபவிக்கும் விலை, அந்த இரண்டு மூன்று ஆண்டுப் போட்டி கொடுத்தது.

கோருக்குப் பக்கத்தில் த்ரெட் என்று இன்னோர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் என்பார்கள். இதைப் புரிந்துகொள்ள ஒரு கோர் தன் நேரத்தை எப்படி வீணாக்குகிறது என்று பார்க்க வேண்டும். கோருக்கு மிக அருகில் உள்ள கேஷ் நினைவகத்திலிருந்து தரவு வர நான்கைந்து துடிப்புகள் ஆகும். அங்கே இல்லாமல் ரேம் வரை போக நேர்ந்தால் 80 முதல் 100 நானோ விநாடி. 4 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது முந்நூறு, நானூறு துடிப்புகள். அத்தனையும் சும்மா நிற்கும் நேரம். தோசைக்கல்லில் மாவை ஊற்றிய மாஸ்டர் அது வேகும்வரை கைகட்டி நிற்பதில்லையே, அதற்குள் பக்கத்து ஆர்டருக்கு வெங்காயம் நறுக்கிவிடுவார். கோரையும் அப்படி இரண்டு வேலைகளைக் கையில் வைத்துக்கொள்ளச் செய்யலாம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் டல்சன், சூசன் எக்கர்ஸ், ஹென்றி லெவி மூவரும் 1995இல் விரிவாக எழுதினார்கள். இன்டெல் 2002இல் அதை ஹைப்பர் த்ரெடிங் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில்லின் பரப்பு ஐந்து சதவீதம்கூடக் கூடாமல், பொருத்தமான வேலைகளில் 30 சதவீதம் வரை வேகம் கிடைக்கும் என்று அன்று அறிவித்தது.

முப்பது சதவீதம் என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டு த்ரெட் என்பதைப் பன்னிரண்டு கோர் என்று எண்ணிவிடக் கூடாது. மாஸ்டர் ஒருவர்தான், அடுப்பும் ஒன்றுதான். 2024இல் வந்த லூனார் லேக், ஏரோ லேக் வரிசைகளில் இன்டெல் இந்த வசதியையே எடுத்துவிட்டது. அவற்றில் கோரும் த்ரெட்டும் ஒரே எண்.

கோர் கூடினால் வேலை அதே விகிதத்தில் விரைவாகுமா என்ற கேள்விக்கு 1967இலேயே ஜீன் ஆம்டால் பதில் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பிரித்துச் செய்யலாம், மீதி 10 சதவீதத்தை வரிசையாகத்தான் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோர் போட்டால் அது மூன்று மடங்கு விரைவாகும். பதினாறு கோர் போட்டால் 6.4 மடங்கு. ஆயிரம் கோரைக் கொட்டினாலும் பத்து மடங்கைத் தொடாது. ஒரே ஒரு பெரிய வேலையை விரைவுபடுத்த நினைப்பவருக்கு இது கசப்பான கணக்கு.

பல்பணிக்காரருக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேலைகளை ஆம்டாலின் விதி கட்டுப்படுத்தாது. ஒரு கோரில் வீடியோ உருவாகட்டும், இன்னொன்றில் நிரல் தொகுக்கப்படட்டும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆனால் அவர்கள் வேறு இடத்தில் முட்டிக்கொள்வார்கள். பல பிராசஸர்களில் கோர்கள் ஒரே மூன்றாம் நிலைக் கேஷைப் பங்கிடுகின்றன, ரேமுக்குப் போகும் பாதை பொதுவானது, சூட்டை வெளியேற்றும் விசிறியும் ஒன்றே. ஒரு வேலை கேஷை நிரப்பினால் அடுத்த வேலையின் தரவு வெளியே தள்ளப்படும். ஒற்றை ரேம் குச்சி மட்டும் செருகப்பட்ட கணினியில் ரேமின் பாதை பாதியாகிவிடும். எட்டுக் கோர் பிராசஸரை வைத்துவிட்டு ஒற்றைக் குச்சி 8 ஜிபி ரேமோடு விற்கப்படும் லேப்டாப்கள் நிறைய உண்டு. இப்படிப்பட்ட கட்டமைப்பை வாங்காமல் தவிர்ப்பதே நல்லது.

ரேம் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ‘என் கணினி பல வேலை தாங்கவில்லை’ என்று புலம்புகிறவர்களில் மிகப் பலருக்கு உண்மையான குறை அங்கேதான். ரேம் நிறைந்ததும் இயங்குதளம் கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பி இடம் செய்துகொள்கிறது. திரும்பத் தேவைப்படும்போது அங்கிருந்து கொண்டுவர வேண்டும். ரேமிலிருந்து எடுக்க நூறு நானோ விநாடி போதும் என்றால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க நூறு மைக்ரோ விநாடி அளவில் ஆகும். ஆயிரம் மடங்கு தாமதம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் பத்து மில்லி விநாடி, அதாவது லட்சம் மடங்கு. ஒரு டேபிலிருந்து இன்னொரு டேபுக்குப் போகும்போது திரை சில நொடி வெளுத்து நிற்கிறதே, அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பிராசஸர் பெரும்பாலும் ஓய்வாகத்தான் இருக்கும்.

இதில் பிரௌசரின் பங்கு பெரிது. 2008 செப்டம்பரில் கூகுள் குரோமை வெளியிட்டது. சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை முன்னின்று நடத்திய திட்டம் அது. ஒரு டேப் செயலிழந்தால் மற்றவை விழக் கூடாது என்பதற்காகக் குரோம் டேப்களைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்து ஓட்டியது. அது அருமையான ஏற்பாடு. அதற்கு விலையும் உண்டு, ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் தன் பங்கைக் கேட்கிறது. 2018 ஜனவரியில் பிராசஸர்களில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. ஓர் இணையதளம் இன்னொன்றின் ரகசியத்தை உளவு பார்க்காதபடி தளங்களையும் தனித்தனி நிரல்களில் அடைத்தது குரோம். அதனால் மட்டும் நினைவகத் தேவை 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே அன்று சொன்னது. முப்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு, கூடவே எக்செல், வாட்ஸ்அப், வீடியோ அழைப்பு என்று நாள் முழுதும் வேலை செய்கிறவருக்கு 8 ஜிபி இன்று போதாது. ஆப்பிள்கூட 2024 அக்டோபரில்தான் தன் புதிய மேக்குகளின் ஆரம்ப அளவை 16 ஜிபியாக உயர்த்தியது. அதைப் பல ஆண்டு முன்பே செய்திருக்க வேண்டும்.

கோர்களின் கதையில் அண்மைத் திருப்பம், எல்லாக் கோரும் ஒரே அளவாக இல்லாமல் போனது. பெரிய கோர்களோடு சிக்கனமான சிறிய கோர்களையும் சேர்க்கும் வடிவத்தை ஏஆர்எம் 2011இல் கைப்பேசிகளுக்காக அறிவித்தது. 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 நான்கு பெரிய கோர், நான்கு சிறிய கோர் என்று அதை மேக் லேப்டாப்புக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு இன்டெல்லின் ஆல்டர் லேக் மேசைக் கணினியிலும் அதைச் செய்தது. ஒரு பெரிய கோர் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய நான்கு சிறிய கோர்களை வைக்கலாம் என்பது கணக்கு. பல்பணிக்கு இது உண்மையிலேயே நல்ல யோசனை. முன்னால் திறந்திருக்கும் வேலை பெரிய கோரில் ஓடட்டும், மின்னஞ்சல் சரிபார்ப்பும் கோப்பு ஒத்திசைவும் சிறிய கோரில் ஓடட்டும்.

எந்த வேலை எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது இயங்குதளம். எனவே ஹால் லேனிங் தீர்த்த பழைய கேள்வி புது உருவில் திரும்பி வந்திருக்கிறது. ஆல்டர் லேக்கில் ஒவ்வொரு வேலையின் தன்மையையும் கவனித்து இயங்குதளத்துக்குச் சொல்லும் த்ரெட் டைரக்டர் என்ற பகுதியை இன்டெல் வைத்தது. அதன் குறிப்பை முழுமையாகப் பயன்படுத்தும்படி எழுதப்பட்டது விண்டோஸ் 11தான். இப்படிப்பட்ட கலப்புப் பிராசஸரைப் பழைய விண்டோஸ் 10இல் ஓட்டுவது காசுக்கு நட்டம்.

வாங்குகிறவரை அதிகம் குழப்புவது பெயர்கள். 2016இல் வந்த கோர் ஐ7-7500யு என்ற லேப்டாப் பிராசஸருக்கு இரண்டே கோர். ஓராண்டு கழித்து வந்த கோர் ஐ5-8250யுவுக்கு நான்கு கோர். ஐ7 என்ற எழுத்துக்காக அதிகப் பணம் கொடுத்தவர், ஒரே ஆண்டில் ஐ5 வாங்கியவருக்குப் பின்தங்கினார். 2022இன் கோர் ஐ7-1255யுவில் பெரிய கோர் இரண்டு, சிறியது எட்டு. அதே தலைமுறையின் கோர் ஐ5-12500எச்சில் பெரிய கோர் நான்கு, சிறியது எட்டு. ஐந்து என்று எழுதியிருப்பதுதான் இங்கே வலிமையானது.

ஏஎம்டியும் குறை வைக்கவில்லை. ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் பெயரில் அண்ணன் தம்பி போலத் தெரியும். உள்ளே முதலாவதில் ஜென் 2 என்ற பழைய வடிவில் நான்கு கோர், இரண்டாவதில் ஜென் 3 வடிவில் ஆறு கோர், மூன்றாவதில் ஜென் 4 வடிவில் ஆறு கோர். எண்ணின் மூன்றாம் இலக்கம் வடிவத்தைச் சொல்கிறது என்று ஏஎம்டி விளக்கம் கொடுத்தது. கடையில் நிற்கும் பெற்றோருக்கும் கல்லூரி மாணவருக்கும் அது எப்படித் தெரியும்? இதை இரு நிறுவனங்களும் வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

கடைசி எழுத்தைக் கவனிப்பது மட்டும் எப்போதும் பலன் தரும். லேப்டாப்பில் யு என்றால் பொதுவாக 15 வாட் அளவுக்கான பிராசஸர், எச் என்றால் 45 வாட். ஐ7-1255யுவின் பெட்டியில் 4.7 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். அது பெரிய கோர் சிறிது நேரம் தொடக்கூடிய உச்சம். எல்லாக் கோரும் வேலை செய்து சூடு ஏறும்போது வேகம் கீழே இறங்கிவிடும். அதன் பெரிய கோர்களுக்கு இன்டெல் குறித்திருக்கும் அடிப்படை வேகம் 1.7 கிகாஹெர்ட்ஸ்தான். பல வேலை ஒன்றாக ஓடும் கணினியில் நாள் முழுதும் கிடைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிற்கும். நல்ல விசிறியும் தடித்த உடலும் கொண்ட லேப்டாப்பில் அந்த இடம் மேலே இருக்கும், மெல்லிய லேப்டாப்பில் கீழே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுக்கான என்பியு என்ற பகுதியைக் காட்டி இப்போது விலை கூட்டுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2024இல் அறிமுகப்படுத்திய கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு அது கட்டாயம். வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது போன்ற சில வேலைகளை அது பிராசஸரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் பல்பணிக்காக அதைத் தேடிப் போக இன்று காரணம் இல்லை.

ஆக, யாருக்கு எது? பிரௌசர், ஆவணங்கள், பாடம், வீடியோ அழைப்பு என்று வேலை செய்கிறவருக்கு அண்மைத் தலைமுறையின் ஆறு கோர் தாராளம். மேசைக் கணினியில் ரைசன் 5 5600, கோர் ஐ5-12400 இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் கொண்டவை. வெளிவந்து சில ஆண்டு ஆனாலும் இந்த வேலைகளுக்கு அவை சளைக்காது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள் பொறியாளர், விளையாட்டை நேரலை செய்பவர் எட்டுக் கோரிலிருந்து தொடங்கலாம், ரேம் 32 ஜிபி வேண்டும். வீடியோவும் முப்பரிமாண அனிமேஷனும் தொழிலாகச் செய்பவருக்கு 12, 16 கோர் போட்ட பணத்தைத் திருப்பித் தரும். அவர் ஒரு கோப்பு உருவாகும்போதே அடுத்ததில் வேலை செய்யலாம்.

புதியது வாங்குமுன் பழைய கணினியை ஒரு நாள் கவனித்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். கணினி திணறும் அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாக் கோர்களின் கோடுகளும் உச்சியில் இருந்தால் கோர் பற்றவில்லை. ஒரே ஒரு கோடு மட்டும் உச்சியில் இருந்தால் வேகமான கோர் வேண்டும், அதிகக் கோர் உதவாது. நினைவகம் 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் ஓயாமல் ஓடினால் குறை ரேமில். பலர் அங்கேயே நின்றுவிடலாம், கூடுதலாக ஒரு ரேம் குச்சியும் ஒரு எஸ்எஸ்டியும் புதிய பிராசஸர் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லூனார் லேக்கில் ரேம் பிராசஸரோடு ஒரே பொதியில் வருகிறது, ஆப்பிளின் எம் வரிசையிலும் அப்படியே. வேறு பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் வாங்கும் நாளில் எடுத்த ரேமே கடைசிவரை. கையில் இருக்கும் பணம் எட்டுக் கோரும் 8 ஜிபியும் வாங்கவோ, ஆறு கோரும் 16 ஜிபியும் வாங்கவோ மட்டுமே போதும் என்றால், தயங்காமல் ஆறு கோரை எடுங்கள். பின்னால் ரேமைக் கூட்ட முடியுமா, எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.